வளவுக்குள் ஒரு நோய்

தொழுநோய் ஒட்டுமா, ஒட்டாதா? மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களில் இதற்கு ஆளுக்கொரு பதில் கிடைக்கும். “இருபது வருசம் ஒரே பாயில படுத்த பெண்சாதிக்கு வரல்ல. பிறகு எப்படி ஒட்டும்?” என்பார் ஒருவர். “அப்ப அந்த வீட்டுப் பேரனுக்கு மட்டும் எப்படி வந்தது?” என்பார் அடுத்தவர். இரண்டு பேரும் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியுமா?

இதன் பின்னாலேயே இன்னொரு கேள்வியும் வருகிறது. இந்த நோயை முற்றாகக் குணமாக்கும் மருந்து இலங்கைக்கு வந்து நாற்பது ஆண்டு கடந்துவிட்டது. அரச வைத்தியசாலையில் அது இலவசம். சிகிச்சையில் இருப்போர் தொகை பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குக் கீழே இறங்கிய நிலையை நாடு 1995 இலேயே எட்டிவிட்டது. ஆனாலும் கொவிட் பெருந்தொற்று வரும்வரை ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,500 முதல் 2,000 வரையான புதிய நோயாளர்கள் கண்டுபிடிக்கப்பட்டார்கள். அவர்களில் ஏறக்குறையப் பத்திலொருவர் பிள்ளைகள். நோய் கூடுதலாகக் காணப்படும் மாவட்டங்களில் மட்டக்களப்பும் ஒன்று. மருந்து கையில் இருக்க, நோய் ஏன் இன்னும் போகவில்லை?

இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது: வீட்டில். நோயாளியையும் குடும்பத்தையும் நடுவில் வைத்து நடக்கும் மருத்துவம் வேண்டும் என்ற பேச்சு இன்று உலகெங்கும் கேட்கிறது. பலர் அதைக் கனிவு, பண்பு சம்பந்தப்பட்ட காரியமாக மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். கனிவு வேண்டியதுதான். ஆனால் தொழுநோயைப் பொறுத்தவரை, கிருமியின் இயல்பே அப்படி ஒரு மருத்துவத்தைக் கேட்கிறது. அது எப்படி என்பதே இந்த அத்தியாயம்.

மெல்லப் பெருகும் கிருமி

1873 இல் நோர்வே நாட்டின் பேர்கன் நகரில் ஹான்சன் என்ற மருத்துவர் நோயாளிகளின் திசுக்களை நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, சிறு கோல்கள் போன்ற உருவங்களைக் கண்டார். தொழுநோய் பரம்பரைச் சாபமன்று, கிருமியால் வருவது என்று தெரியவந்தது அப்போதுதான்.

இந்தக் கிருமியின் தனிக்குணம் அதன் மந்தம். நம் குடலில் வாழும் சாதாரண நுண்ணுயிர் ஒன்று, உணவும் சூடும் கிடைத்தால் 20 நிமிடத்துக்கொரு முறை இரண்டாகப் பிரியும். ஒரு நாளில் 72 முறை இரட்டிக்க அதற்கு வழியுண்டு. தொழுநோய்க் கிருமி ஒரு முறை இரட்டிக்க ஏறத்தாழ இரண்டு கிழமை எடுக்கிறது. ஆண்டு முழுவதும் ஓய்வில்லாமல் பெருகினாலும் 26 முறைதான். ஆய்வுகூடத் தட்டில் வளர்க்க இன்றுவரை எவராலும் முடியவில்லை. உடலின் குளிர்ந்த பகுதிகளான தோல், மூக்கு, காதுமடல், தோலுக்கு அருகே ஓடும் நரம்புகள் ஆகியவற்றையே அது தேடிப் போகும்.

இந்த மந்தத்தின் விளைவைக் கவனியுங்கள். கிருமி உடலுக்குள் புகுந்து முதல் அடையாளம் தெரிய சராசரியாக 5 ஆண்டாகும். சிலருக்கு 20 ஆண்டும் ஆகலாம். இந்த இடைவெளியை ‘உறங்குகாலம்’ என்போம். இன்று தோலில் தெரியும் வெளிறிய படையின் தொடக்கம், அந்த மனிதர் ஐந்தோ பத்தோ ஆண்டுக்கு முன்பு யாரோடு, எங்கே வாழ்ந்தார் என்பதில் இருக்கிறது.

இனி ஒட்டுமா ஒட்டாதா என்ற கேள்விக்கு வருவோம். சிகிச்சை பெறாத நோயாளியின் மூக்கிலும் வாயிலும் இருந்து வெளிப்படும் நுண்துளிகள் மூலம் கிருமி பரவுகிறது. அதற்கும் நீண்டகால நெருக்கம் வேண்டும். கைகுலுக்குவதாலோ பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் இருப்பதாலோ வராது. கிருமி புகுந்தாலும் மனிதரில் ஏறத்தாழ 95 சதவீதமானோருக்கு இயற்கையான எதிர்ப்புச் சக்தி இருக்கிறது. அவர்கள் உடல் அதை அடக்கிவிடும். அந்தச் சக்தி யாருக்குக் குறைவு என்பதில் பரம்பரைக்குப் பங்குண்டு. மனைவி வேறு இரத்தம். அவரது உடல் கிருமியை வென்றிருக்கலாம். பேரன் அதே இரத்தம். அந்தக் குறைபாட்டை அவன் பெற்றிருக்கலாம். ஆகவே நம் ஊரார் இருவர் சொன்னதும் உண்மை. ஒட்டும், ஆனால் எல்லோருக்கும் ஒட்டாது, எளிதில் ஒட்டாது. ஒட்டினால் பெரும்பாலும் கூடி வாழ்ந்தவர்களுக்கே.

தீவுக்கு அனுப்பிய காலம்

கிருமியால் வருகிறது என்று தெரிந்ததும் உலகம் அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வந்தது: நோயாளியைப் பிரித்து வைத்தால் நோய் நின்றுவிடும். கிருமி தெரியவரும் முன்பே, 1866 முதல், ஹவாயின் மொலக்காய் தீவில் அப்படிச் செய்துவந்தார்கள். 1897 இல் பேர்லினில் கூடிய முதலாவது சர்வதேச தொழுநோய் மாநாடு தனிமைப்படுத்தலை ஆதரித்தது. இலங்கையில் 1901 இல் அதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையில் ஒல்லாந்தர் 1708 இல் அமைத்த தொழுநோய் வைத்தியசாலை ஏற்கெனவே இருந்தது. கிழக்கில், மட்டக்களப்பு வாவிக்குள் கிடக்கும் சிறு தீவான மாந்தீவில் பிரித்தானியர் காலத்தில் இன்னொன்று எழுந்தது. சுற்றிலும் தண்ணீர், போக வரப் படகு. கரையில் நின்றால் தீவு தெரியும், தீவில் நின்றால் கரை தெரியும். அப்படியிருந்தும் வீட்டார் முகம் பார்க்காமல் வாழ்நாள் கழிந்தது. நோய் மாறிய பின்னும் திரும்பிப் போக வீடில்லாமல் இத்தகைய இடங்களிலேயே மூத்துத் தளர்ந்தவர்கள் உண்டு.

அங்கே பணியாற்றியவர்கள் பலர் தங்கள் வாழ்வையே கொடுத்தவர்கள். அவர்களின் தொண்டை மறுக்க முடியாது. ஆனால் ஏற்பாட்டின் கணக்கு பிழை. கிருமியின் உறங்குகாலத்தை நினைவில் வைத்துப் பாருங்கள்.

ஒருவரைத் தீவுக்கு அனுப்புவது எப்போது? கையோ முகமோ மாறி, ஊர் கண்டுகொண்ட பிறகு. அதற்கு முந்திய சில ஆண்டுகள் அவர் வீட்டில்தான் இருந்தார். பரவ வேண்டியது அப்போதே பரவியிருக்கும். அவரைப் படகேற்றியவர்கள் மனைவி மக்களைப் பரிசோதிக்கவில்லை. நோய் தொற்றியிருக்கக்கூடியவர்கள் கரையில் நின்றார்கள். எல்லோர் கவனமும் தீவுக்குப் போனது.

இதைவிடப் பெரிய கேடு பயத்தால் வந்தது. படையைக் காட்டினால் குடும்பத்தைப் பிரிய வேண்டும் என்றால் யார் காட்டுவார்? மறைத்தார்கள். மறைத்த ஒவ்வொரு ஆண்டும் அந்த வீட்டுப் பிள்ளைகள் கிருமியின் நடுவே வளர்ந்தார்கள். நோயைத் தடுக்க எடுத்த நடவடிக்கையே நோயை ஒளித்து வளர்த்தது. 

ஒரு வளவைப் பார்ப்போம்

இப்போது ஓர் எடுத்துக்காட்டை நிதானமாகப் பார்ப்போம். இது நான் அமைத்துக்கொண்ட குடும்பம்; ஆனால் இதன் ஒவ்வொரு கூறும் வாவிக்கரை வாழ்க்கையிலிருந்து எடுத்தது.

வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில், ஊர் ஒன்றில் 38 வயது வேளாண்மைக்காரர் ஒருவர். மண்டூரிலிருந்து குருமண்வெளிக்கு வாவியைக் கடக்கும் ‘பாதை’ எனப்படும் மிதவையில் ஏறி, கிழக்குப் பக்கமான எழுவான்கரையில் இருக்கும் வைத்தியசாலைக்கு வருகிறார். முதுகிலும் கைகளிலும் ஏழெட்டு வெளிறிய படைகள். தேமல் என்று எண்ணி ஈராண்டு களிம்பு பூசியிருக்கிறார். வைத்தியர் பஞ்சின் நுனியால் படையைத் தொடுகிறார். கண்ணை மூடியிருக்கும் அவருக்குத் தொட்டது தெரியவில்லை. தேமலில் உணர்வு போகாது. தொழுநோய்ப் படையில் போகும், ஏனென்றால் கிருமி நரம்பில் குடியிருக்கிறது. நோய் உறுதியாகிறது.

அடுத்து ‘தொடர்பாளர் பரிசோதனை’, அதாவது நோயாளியோடு நெருங்கி வாழ்ந்தவர்களையும் பார்ப்பது. படிவத்தில் ஒரு கேள்வி: “வீட்டில் உங்களோடு எத்தனை பேர்?”

“மூணு பேர். பெண்சாதியும் ரெண்டு பிள்ளைகளும்.”

பொய்யில்லை. மூவரையும் பார்த்துவிட்டுக் கோப்பை மூடிவிடலாம். ஆனால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மறுநாள் வீட்டுக்கே போகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாமியார் முற்றத்தில் கதிரை போடுகிறார். “இருங்க மனே, தேத்தண்ணி குடிச்சிட்டுப் பேசலாம்” என்கிறார். பரிசோதகர் கேள்வியை மாற்றிக் கேட்கிறார்: “இந்த வளவுக்குள்ள யார் யார் இருக்கீங்க அம்மா? இராவைக்கு யாரெல்லாம் ஒண்டா இருந்து சாப்பிடுவீங்க?”

மட்டக்களப்பில் வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனமாகப் போகின்றன. கலியாணம் முடித்த ஆண் மனைவியின் ஊருக்கு, பெரும்பாலும் அவளுடைய தாய் வீட்டுக்கு அருகிலேயே வந்து சேர்கிறான். சகோதரிகள் பக்கம் பக்கமாக வாழ்கிறார்கள். நம் வேளாண்மைக்காரர் இருப்பதும் அப்படிப்பட்ட ஒரு வளவில்தான். முன் வீட்டில் மாமனார், மாமியார், கலியாணம் ஆகாத மைத்துனி. மூத்த மைத்துனி குவைத்தில் வீட்டுப் பணிப்பெண். அவருடைய கணவரும் இரண்டு பிள்ளைகளும் அம்மம்மாவின் சமையலில் வாழ்கிறார்கள். பிள்ளைகள் நாலு பேரும் ஒரே விறாந்தையில் உறங்குகிறார்கள். எண்ணிப் பார்த்தால் வளவுக்குள் அவரோடு கூடி வாழ்வோர் ஒன்பது பேர்.

மாமியார் இன்னொரு தகவலும் தருகிறார்: “மருமகன் இஞ்ச வந்து ஏழு வருசம்தான் மனே. அதுக்கு முதல் அவங்கட தாய் வீட்டில.” உறங்குகாலம் ஐந்தாகவும் இருக்கலாம், பதினைந்தாகவும் இருக்கலாம். அப்படியென்றால் கிருமி அவருக்கு இங்கே வந்ததா, தாய் வீட்டில் வந்ததா? இரண்டுக்கும் வாய்ப்புண்டு. அங்கே தாய், தங்கை, தங்கையின் கணவர், இரண்டு பிள்ளைகள்: ஐந்து பேர். ஆக மொத்தம் 14. படிவம் கேட்டது 3.

விடுபட்ட 11 பேர் முக்கியமா? இந்தோனேசியாவின் வட சுலாவெசிக் கிராமம் ஒன்றில் 25 ஆண்டுகளில் தோன்றிய 101 நோயாளர்களை ஆராய்ந்து 1999 இல் வெளியான கட்டுரை இதற்குத் தெளிவான பதில் தருகிறது. அவர்களில் 79 பேருக்கு முந்திய நோயாளி ஒருவரோடு தொடர்பு இருந்தது. மொத்த நோயாளர்களில் 28 சதவீதத்தினருக்கு அந்தத் தொடர்பு ஒரே வீட்டில். 36 சதவீதத்தினருக்கு அயல் வீட்டில். 15 சதவீதத்தினருக்குப் பழக்க வட்டத்தில். தொடர்பே இல்லாதவரோடு ஒப்பிட்டால் ஒரே வீட்டில் வாழ்பவருக்கு ஆபத்து ஏறத்தாழ ஒன்பது மடங்கு. அயல் வீட்டாருக்கு நான்கு மடங்கு. தனித்தனியே பார்த்தால் வீட்டாருக்கே ஆபத்துக் கூடுதல். ஆனால் அயலார் தொகை பெரிது. ஆகவே அயலிலிருந்து வந்த நோயாளர்களே அதிகம். வீட்டுச் சுவரோடு நின்றுவிடும் பரிசோதனை பாதி நோயைக்கூடப் பிடிக்காது.

நம் எடுத்துக்காட்டில், குவைத்தில் இருக்கும் மைத்துனியின் ஒன்பது வயது மகனுடைய மேற்கையில் ஒரு வெளிறிய படை. பஞ்சு பட்டது தெரியவில்லை. படிவத்தின்படி அவன் இந்த வீட்டுப் பிள்ளையே இல்லை. பிறகு எப்போதாவது விரல் மடங்கிய பின் வந்திருப்பான். இப்போது ஆறு மாத மருந்தில் குறையேதுமின்றிக் குணமாகிவிடுவான்.

இந்தப் பிள்ளையைக் காப்பாற்றிய தகவல் எந்த இயந்திரத்திலும் இல்லை. மாமியாரின் வாயில் இருந்தது. நோயாளியையும் குடும்பத்தையும் நடுவில் வைப்பதன் முதல் பொருள் இதுதான்: தங்கள் வாழ்க்கை வரைபடத்தை அறிந்தவர்கள் அவர்கள் மட்டுமே. இங்கே அந்த வரைபடம் இன்னும் சிக்கலானது. போரும் 2004 ஆம் ஆண்டின் சுனாமியும் பல குடும்பங்களை முகாம் முகாமாக அலைத்தன. பத்து ஆண்டுக்கு முன் யாரோடு ஒரே கூரையின் கீழ் உறங்கினீர்கள் என்ற கேள்விக்கு அவர்களே பதில் சொல்ல வேண்டும்.

பதில் சொல்ல நம்பிக்கை வேண்டும். பரிசோதகரின் மோட்டார் சைக்கிள் வாசலில் நிற்பதைப் பார்த்தே அயல் கதை கட்டும் என்றால் எந்தக் குடும்பமும் கதவைத் திறக்காது. ஆகவே தொடர்பாளரைப் பார்க்க முதலில் நோயாளியின் சம்மதம் வேண்டும். பெயர் வெளிவராமலிருக்க, ஒரு வீட்டை மட்டும் தேடிப் போகாமல் தெரு முழுவதற்கும் தோல் பரிசோதனை நடத்துவது நல்ல வழி.

தொடர்பாளருக்கு இன்று தடுப்பு மருந்தும் உண்டு. பங்களாதேஷில் 1,037 நோயாளர்களின் 21,711 தொடர்பாளர்களிடம் நடந்த ஆய்வில், ரிஃபாம்பிசின் மருந்தை ஒரே ஒரு வேளை கொடுத்தது முதல் இரண்டு ஆண்டுகளில் நோய் வருவதை 57 சதவீதம் குறைத்தது. 2018 இல் உலக சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரைத்தது. ஆனால் மிக நெருங்கிய இரத்த உறவினருக்கு இந்தப் பாதுகாப்பு குறைவாகவே கிடைத்தது. ஒரு வேளை மருந்தோடு வீட்டாரை மறந்துவிடக் கூடாது. சில ஆண்டுகளுக்கு ஆண்டுக்கொரு முறையாவது அவர்கள் தோலைப் பார்த்துவர வேண்டும்.

இருபத்தெட்டில் இருபத்தேழு

தொழுநோய்க்கு இன்று கொடுப்பது மூன்று மருந்துகளின் கூட்டு: ரிஃபாம்பிசின், குளோஃபாசிமின், டாப்சோன். டாப்சோனை மட்டும் தனியே கொடுத்த காலத்தில் கிருமி அதற்குப் பழகிவிட்டது. அதனால் 1981 இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டுச் சிகிச்சையைப் பரிந்துரைக்க, இலங்கை 1983 இல் அதைத் தொடங்கியது. முதல் வேளை ரிஃபாம்பிசினிலேயே கிருமிகளில் மிகப் பெரும்பகுதி செத்துவிடும்; சிகிச்சை தொடங்கிய சில நாள்களுக்குள் அவரிடமிருந்து பிறருக்குப் பரவுவது நின்றுவிடும். நோயாளி வீட்டிலேயே, தன் பாயிலேயே, பிள்ளைகளுக்கு நடுவே இருக்கலாம். தீவுக்கு இனி மருத்துவக் காரணம் எதுவும் இல்லை.

மருந்து 28 நாளுக்குரிய அட்டையாக வருகிறது. முதல் நாள் மாத்திரைகளைக் கிளினிக்கில், பணியாளர் முன்னிலையில் விழுங்க வேண்டும். மிச்சம் 27 நாளும் வீட்டில். படைகள் கூடியவர்களுக்கு இப்படி 12 அட்டைகள். ஆக, சிகிச்சை நாள்களில் இருபத்தெட்டில் இருபத்தேழு பங்கு குடும்பத்தின் கையில் இருக்கிறது. அந்த 27 நாளில் என்ன நடக்கிறது என்று கேட்காத மருத்துவம், சிகிச்சையின் பெரும்பகுதியைப் பார்க்காமலே விட்டுவிடுகிறது.

என்ன நடக்கக்கூடும்? குளோஃபாசிமின் தோலைக் கறுக்கச் செய்யும். ரிஃபாம்பிசின் குடித்த அன்று சிறுநீர் சிவக்கும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால், “மருந்து உடம்பைக் கெடுக்குது, நிப்பாட்டுங்க” என்று முதலில் சொல்வது அன்புள்ள மனைவிதான். மருந்து முடிந்த பின் தோலின் இந்த நிறம் மெல்ல மெல்ல மாறும். ஆனால் பாதியில் நிறுத்தினால் நோய் மாறாது. இந்த விளக்கத்தை நோயாளிக்குச் சொல்வதைப் போலவே மனைவிக்கும் சொல்ல வேண்டும். அறுவடைக் காலத்தில் கிளினிக் நாள் விழுந்தால் ஒரு நாள் கூலியும் படகுக் காசும் போகும். போக முடியாதவர்களுக்குப் பல மாத அட்டைகளை ஒன்றாகக் கொடுத்து, வீட்டாரில் ஒருவரைத் துணையாளராக நியமிக்கும் முறையை உலக சுகாதார நிறுவனமே அனுமதித்திருக்கிறது.

வீட்டார் கண்ணில் மட்டுமே படும் ஆபத்து ஒன்றும் உண்டு. செத்த கிருமிகளின் மீது உடலின் எதிர்ப்புச் சக்தி திடீரெனச் சீறி எழுவதுண்டு. இதை ‘எதிர்வினை’ என்போம். படைகள் சிவந்து வீங்கும். முழங்கையோரம் நரம்பு வலிக்கும். சில நாள்களிலேயே கை தளர்ந்துவிடக்கூடும். சிகிச்சையின்போதும் வரலாம், சிகிச்சை முடிந்து மாதங்கள் கழிந்த பின்பும் வரலாம். உடனே ஸ்டீரொய்ட் மருந்து கொடுத்தால் நரம்பு மீளக்கூடும். ஆறு மாதம் தாமதித்தால் பெரும்பாலும் மீளாது. சேட் பொத்தான் போடத் தடுமாறுவதையும், தேத்தண்ணிக் கோப்பை கை நழுவுவதையும் முதலில் காண்பவர் வைத்தியர் அல்லர்; அடுத்த கிளினிக் நாளுக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. மனைவிக்கும் தாய்க்கும் இந்த அடையாளங்களைச் சொல்லிக் கொடுத்தால் ஒரு கை தப்பும்.

பூட்டைத் திறந்த சிறுவன்

தொழுநோய் விரலைத் தின்னும் என்று காலங்காலமாக நம்பினார்கள். மருத்துவர்களும் நம்பினார்கள். அதை மாற்றியவர் கொல்லிமலையில் 1914 இல் பிறந்த போல் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர். 1940களின் பிற்பகுதியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றத் தொடங்கிய அவர், தொழுநோயாளரின் கைகளை ஆராய ஆரம்பித்தார்.

ஒரு நாள் அவர் துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முயன்று தோற்றார். நோயாளியான சிறுவன் ஒருவன் முன்வந்து சாவியை ஒரே திருப்பாகத் திருப்பினான். பூட்டு திறந்தது. தரையில் இரத்தத் துளி. அவன் விரலைப் பார்த்தால் சதை கிழிந்து எலும்பு தெரிந்தது. அவனுக்கு வலிக்கவே இல்லை. நாம் சாவியைத் திருப்பும்போது வலி நம்மைத் தடுக்கிறது. அவனைத் தடுக்க ஒன்றுமில்லை. விரல்களைக் கிருமி தின்பதில்லை. உணர்விழந்த கை தன்னையறியாமல் தன்னையே காயப்படுத்தி, புண்ணாக்கி, குறுக்கிக்கொள்கிறது என்று பிராண்ட் உணர்ந்தார். இரவில் உறங்கும் நோயாளியின் விரலை எலி கடித்தாலும் அவர் விழிப்பதில்லை என்று கண்டபோது, நோயாளர்களுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்கள்.

பூனை எந்த மருந்துப் பட்டியலிலும் இல்லை. நோயாளி எங்கே உறங்குகிறார் என்று கேட்டவருக்குத்தான் அது தோன்றும். வாவிக்கரையில் இதே கேள்வியைக் கேட்டால் என்ன பதில்கள் கிடைக்கும்? வெறுங்காலோடு வயல் சேற்றில் இறங்குகிறார். வாவியில் சிப்பி கீறும் இடத்தில் வலை இழுக்கிறார். அடுப்பிலிருந்து சட்டியை வெறுங்கையால் இறக்குகிறார். உணர்விழந்த கால் கைக்கான பராமரிப்பு எளிது: நாளும் தண்ணீரில் ஊறவைத்து, தடித்த தோலைத் தேய்த்து, எண்ணெய் பூசி, உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். தன் உள்ளங்காலைத் தானே பார்ப்பது கடினம். மாலையில் மகள் ஒருத்தி அப்பாவின் காலைத் தூக்கி மடியில் வைத்துப் பார்த்தால், முள் புண்ணாகும் முன்பே வெளியே வந்துவிடும். இது வைத்தியசாலை செய்ய முடியாத வேலை.

குடும்பத்துக்கு நேர்ந்த காயம்

இதுவரை குடும்பத்தை உதவும் கையாகப் பார்த்தோம். அந்தக் கையும் புண்பட்டது என்பதை மறக்கக் கூடாது. தொழுநோய்க் குடும்பம் என்று பெயர் விழுந்தால் சம்பந்தம் பேச வருவோர் குறைவர். பிள்ளை பள்ளிக்கூடத்தில் ஒதுக்கப்படும். நோய் ஒருவருக்கு வரும், ஒதுக்கல் எல்லோருக்கும் வரும்.

ஜப்பான் தன் தனிமைப்படுத்தல் சட்டத்தை 1996 இல்தான் நீக்கியது. பிரிக்கப்பட்ட நோயாளர்களுக்கு இழப்பீடு வழங்க 2001 இல் குமமோட்டோ நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019 இல் அதே நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பை வழங்கியது: நோயே வராத குடும்பத்தினரும் அரசின் கொள்கையால் பாதிக்கப்பட்டவர்கள், அவர்களுக்கும் இழப்பீடு உண்டு. ஐ.நா. பொதுச்சபை 2010 இல் ஏற்றுக்கொண்ட வழிகாட்டலும், தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் அவர்களுடைய குடும்பத்தினருக்கும் எதிரான பாகுபாட்டை ஒழிக்கவேண்டும் என்றே சொல்கிறது. குடும்பத்தின் காயத்தை உலகம் காயமென்று ஒப்புக்கொள்ள இவ்வளவு காலம் ஆனது.

நடுவில் வைப்பது என்றால்

இலங்கை 2001 அளவில் தொழுநோய்ச் சிகிச்சையைப் பொது வைத்தியசாலைகளோடு இணைத்தது. தனி இடம் தேடிப் போகவேண்டியதில்லை. மற்ற நோயாளியைப் போலவே வரிசையில் நிற்கலாம். இது பெரிய மாற்றம். எஞ்சியிருப்பது அந்த வரிசையின் முடிவில் என்ன நடக்கிறது என்பது.

அங்கே நான்கு காரியங்கள் நடக்க வேண்டும். நோயாளியிடம் அவருடைய வாழ்க்கை வரைபடத்தைக் கேட்க வேண்டும். அவர் விரும்பும் வீட்டார் ஒருவரைப் பக்கத்தில் இருத்தி, மருந்தும் அதன் விளைவும் எதிர்வினையின் அடையாளங்களும் இருவருக்கும் விளங்கும் தமிழில் சொல்ல வேண்டும். கிளினிக் நாளையும் பராமரிப்பையும் அவர்களுடைய தொழிலுக்கும் போக்குவரத்துக்கும் ஏற்பத் தீர்மானிக்க வேண்டும். யாரிடம் சொல்வது, யாரிடம் சொல்லாமல் விடுவது என்ற முடிவை அவரிடமே விட வேண்டும். இதற்கெல்லாம் புதிய கட்டடம் வேண்டாம். புதிய இயந்திரம் வேண்டாம். கூடுதலாகப் பத்து நிமிடமும், பதிலைக் கேட்டுக் குறித்துக்கொள்ளும் மனமும் வேண்டும். நீரிழிவால் கால் மரத்தவருக்கும், காசநோய்க்கு மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குபவருக்கும் இதே கணக்குத்தான். மாதங்கள் நீளும் எந்த நோயிலும் சிகிச்சையின் பெரும்பகுதி வீட்டில்தான் நடக்கிறது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் உடலிலோ உங்கள் வளவில் யாருடைய உடலிலோ வெளிறிய அல்லது சிவந்த படை ஒன்று நாள்பட இருந்தால், கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டுப் பாருங்கள். தொட்டது தெரியவில்லை என்றால், அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் தோல் நோய்க் கிளினிக்குக்கோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கோ போங்கள். தனியே போகாதீர்கள்; வீட்டாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். யாராவது அப்படிப் போய் மருந்து எடுக்கிறார் என்று அறிந்தால், அவரோடு முன்போலவே பழகுங்கள், ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். காலத்தோடு வந்தவருக்கு 6 மாதமோ 12 மாதமோ மருந்து; அதன்பின் அவருக்கு அந்த நோய் இல்லை.